கடனில் வாங்கிய பங்கும் திறைசேரியின் பங்கும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பங்குச் சந்தைப் பேச்சு எழுந்தால் இலாபக் கதையும் வரும், நட்டக் கதையும் வரும். இரண்டிலும் திறைசேரிக்குப் போன பணத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அமெரிக்காவில் பங்கு வாங்கப் பெற்ற கடனின் வட்டியை, ஒரு வரம்புக்குள், முதலீட்டு வருமானத்திலிருந்து கழிக்கலாம். கடன் கூடினால் அங்கே வரி வருமானம் கரைய இடமுண்டு. இங்கே இலங்கையில் சங்கதி தலைகீழ். பட்டியலிடப்பட்ட பங்குகளை விற்றுப் பெறும் ஆதாயத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. ஆகவே வட்டியைக் கழிக்கவும் இடமில்லை. பங்கிலாபத்தில் 2023 ஜனவரி முதல் 15 சதவீதம் பிடித்துக்கொண்டே தருகிறார்கள். கடன் கொடுத்த வங்கியோ தன் இலாபத்துக்கு வரி கட்டுகிறது.

இதற்கு மேல் பங்குக் கொடுக்கல் வாங்கல் தீர்வை. 2005இல் 0.2 சதவீதமாக வந்து, 2011இல் 0.3 ஆனது. வாங்குபவரும் கட்டவேண்டும், விற்பவரும் கட்டவேண்டும். கைக்காசு 10 இலட்சத்தோடு கடன் 10 இலட்சம் சேர்த்து வாங்கினால் தீர்வை 3,000 ரூபாய்க்குப் பதில் 6,000. விலை சரிந்து, கடன் கொடுத்தவர் உங்களைக் கேட்காமலே பங்கை விற்றுவிட்டாலும் தீர்வை வெட்டப்படும். இலாபத்தைத் தொடாமல் புரள்வைத் தொடும் வரி இது, தோற்றவரிடமும் வாங்கும். இதை நியாயம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

உள்நாட்டுப் போர் முடிந்த 2009இல் கொழும்புப் பங்குச் சந்தைச் சுட்டெண் இரு மடங்கைத் தாண்டியது. 2010இல் மறுபடி ஏறத்தாழ இரட்டித்தது. தரகர் கடன் தாராளமாக ஓடிய காலம் அது. பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு அக்கடனை இறுக்க, அதே வேளையில் அரசு தீர்வையைக் கூட்டியது!

ஆனால் கடனில் ஊதிய புரள்வு நிலைக்காது. 2022 ஏப்ரல் 8இல் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. 12இல் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நாடு நிறுத்தியது. 18 முதல் ஐந்து வர்த்தக நாட்கள் சந்தையே மூடிக்கிடந்தது. வியாபாரம் இல்லாத நாளில் தீர்வையும் இல்லை. கடன் அறவிட முடியாத வங்கியின் இலாபமும், அதன் வரியும் குறையும்.

பங்கு வாங்கக் கடன் பெறும் மார்ஜின் படிவத்தில் கையொப்பமிடுமுன் ஒரு கணக்குப் போடுங்கள். தரகு, தீர்வை எல்லாம் சேர்த்து வாங்கும்போதும் விற்கும்போதும் வழமையான செலவு தலா 1.12 சதவீதம். 20 இலட்சத்துக்கு வாங்கி அதே விலைக்கு விற்றாலும் 44,800 ரூபாய் போய்விடும். வட்டி தனி.