கோட்டைக்கு எத்தனை எழுத்து?

செஞ்சியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் ‘கோட்டை’ எத்தனை எழுத்து என்று கேட்டால், கோ, ட், டை என விரல் மடக்கி மூன்று என்று சொல்லிவிடும். கணினியைக் கேட்டால் ஆறு என்கிறது. ககரம் ஒன்று, ஓகாரக் குறி ஒன்று, டகரம் ஒன்று, அதன் தலையில் வைக்கும் புள்ளி ஒன்று, இன்னொரு டகரம், கடைசியில் ஐகாரத்துக்கான இணைக்கொம்பு. யூனிகோடு என்னும் பொதுக் குறியீட்டில் தமிழ் அப்படித்தான் சேமிக்கப்படுகிறது. அதில் பிழை ஏதும் இல்லை. அந்த ஆறு குறிகளை ஆறு எழுத்து என்றே மென்பொருள் எடுத்துக்கொள்ளும்போதுதான் பாடம் தயாரிக்கும் ஆசிரியருக்குச் சிக்கல் தொடங்குகிறது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் காலப் படைத்தளங்கள் என்ற வகையில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. மீதி ஒன்று செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை மதிலால் வளைத்துக் கட்டிய கோட்டை இது. 1677-ல் சிவாஜியின் கைக்கு வந்தது. நீண்ட முற்றுகைக்குப் பிறகு 1698-ல் முகலாயத் தளபதி சுல்பிகர் கானிடம் வீழ்ந்தது. 1714-ல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்த தேசிங்கு ராஜனின் கதை நாட்டுப்புறப் பாடலாக நிலைத்துவிட்டது. உள்ளூர் ஆசிரியர் ஒருவர் இதையெல்லாம் தம் மாணவர்களுக்கு ஒரு மின்பாடமாகச் செய்ய உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. படத்தில் ஆங்காங்கே புள்ளி வைத்து, தொட்டால் விளக்கம் வரும்படி செய்யலாம். காணொளியை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். கோடிட்ட இடம் நிரப்பச் சொல்லலாம், குறுக்கெழுத்துக் கட்டம் போடலாம். நார்வேயின் ட்ரோம்சோ நகரில் பிறந்த எச்5பி இவற்றையெல்லாம் காசில்லாமல் தருகிறது. பாடங்களை அடுக்கி, மாணவரைச் சேர்த்து, மதிப்பெண் பதிய மூடில் இருக்கிறது. அதுவும் திறந்த மூல மென்பொருள். டாலரில் ஆண்டுச் சந்தா கட்டிப் பயன்படுத்தும் ஆர்டிகுலேட், அடோபி கேப்டிவேட் போன்றவை பெரும்பாலும் கம்பெனிகளின் பயிற்சிப் பிரிவுகளில் ஓடுகின்றன. ஊர்ப்பக்கப் பள்ளிக்கு அவை கட்டுப்படியாகாது.

ஆசிரியர் கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலின் படத்தை ஏற்றுகிறார். தொட்டால் விளக்கம் வருகிறது. எல்லாம் நன்றாகப் போகிறது. கோடிட்ட இடத்துக்கு வரும்போது ஒரு விநோதம்.

எச்5பியில் சிறு எழுத்துப்பிழையை மன்னிக்கும் வசதி ஒன்று உண்டு. விடை குட்டையாக இருந்தால் ஒரு பிழை வரை பொறுக்கும். ஒன்பது குறிக்கு மேல் போனால் இரண்டு. ஆங்கிலத்தில் இது நல்ல ஏற்பாடு. தமிழில் என்ன ஆகிறது? ‘கோட்டை’ என்ற விடைக்கு ஒரு பிள்ளை ‘கொட்டை’ என்று தட்டினால் மாறியது ஒரே ஒரு குறி. ‘கேட்டை’ என்று நட்சத்திரத்தின் பெயரைத் தட்டினாலும் அப்படியே. ‘பாறை’க்குப் பதில் ‘பாதை’ போட்டாலும் ஒரு குறிதான் வேறுபாடு. எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண். குறிலையும் நெடிலையும் ரகர றகரத்தையும் பிரித்தறியக் கற்பிப்பதுதான் தமிழ் வகுப்பின் பாதி வேலை. அதையே இந்த வசதி மன்னித்து அனுப்பிவிடுகிறது.

மறுபக்கம், மன்னிக்க வேண்டியதை மன்னிப்பதில்லை. சுல்பிகர், ஜுல்ஃபிகர் என்று நம் புத்தகங்களிலேயே பல எழுத்துக்கூட்டல்கள் புழங்குகின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சகரம் ஜகரமாகி, ஓர் ஆய்தம் கூடியிருக்கிறது. வேறுபாடு இரண்டு. ‘சுல்பிகர்’ கணினிக் கணக்கில் ஒன்பது குறி என்பதால் ஒரு பிழைக்கு மேல் அனுமதி இல்லை. சரியாகத் தெரிந்த பிள்ளைக்குச் சிவப்புப் பெருக்கல் குறி விழும். மாற்று விடைகளைச் சாய்கோடிட்டு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம் என்பது உண்மைதான். முப்பது கேள்விக்கும் அப்படிச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கே அந்தப் பாடு தெரியும்.

இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. ‘கோ’ என்பதை ஒரே ஓகாரக் குறியாகவும் சேமிக்கலாம். இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு ஒப்பிடாத மென்பொருளுக்கு அவை வெவ்வேறு. ‘ஔ’ என்ற எழுத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் தட்டுவது இன்னொரு பழக்கம். பிள்ளை திரையைப் பார்த்துப் பார்த்து ‘சரியாத்தானே சார் அடிச்சேன்’ என்று நிற்கும். ஆசிரியரிடமும் பதில் இருக்காது.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது?

இந்த மென்பொருள்களுக்குக் கேட்கும் வாசல் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டகியாமஸ் மூடிலின் முதல் பதிப்பை 2002 ஆகஸ்ட்டில் வெளியிட்டார். பாலைநிலத்துக் குடியிருப்பில் வளர்ந்தவர்; பக்கத்தில் பள்ளி கிடையாது; சிற்றலை வானொலி வழியே ஆசிரியரின் குரலைக் கேட்டுப் படித்த பிள்ளை. தூரத்தில் இருப்பவன் கேட்டால் பதில் வரவேண்டும் என்பதை இளமையிலேயே அறிந்தவர் என்பதால்தானோ என்னவோ, மூடிலில் குறைகளையும் விருப்பங்களையும் பதியும் பேரேடு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி, இந்த வசதி இல்லை என்று எழுதலாம். அதற்கு ஓர் எண் கிடைக்கும். அதே குறை உள்ள மற்றவர்கள் வாக்களிப்பார்கள். இதுபோக, பயன்படுத்துவோர் சங்கம் ஒன்று 2015 முதல் உண்டு: உறுப்பினர்கள் சந்தா போட்டு, எந்த வசதி முதலில் வேண்டும் என்று தங்களுக்குள் வாக்கெடுத்து, திரண்ட பணத்தில் அதைச் செய்துகொள்கிறார்கள்.

வாக்கு என்று வந்துவிட்டால் எண்ணிக்கை பேசும். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் நூறு நிற்க, தமிழில் பாடம் செய்யும் ஆசிரியர் பத்துப் பேர்கூட அந்த வரிசையில் நிற்பதில்லை. விண்ணப்பம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்ற தயக்கம் பாதி. ‘நாம சொல்லி யாரு கேக்கப் போறாங்க’ என்ற நினைப்பு மீதி. இந்த இரண்டாவது தடை முதலாவதைவிடக் கெட்டது. ஏனென்றால் கேட்டவர்களுக்குக் கிடைத்த வரலாறு நம்மிடம் நிறைய இருக்கிறது.

பழைய கதையிலிருந்தே தொடங்கலாம். ணை, லை, ளை, னை ஆகியவற்றை யானைத் துதிக்கை போல வளைத்து எழுதிய காலம் உண்டு. அச்சுக்கோப்பவருக்கு அது கூடுதல் அச்சு, குழந்தைக்குக் கூடுதல் சுமை. பெரியார் 1935-ல் தம் ‘குடிஅரசு’ இதழில் மாற்று வடிவங்களைப் பயன்படுத்தத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். அரசு அவற்றை ஏற்று ஆணையிட்டது 1978 அக்டோபரில். நாற்பத்து மூன்று ஆண்டு நிலுவையில் இருந்த விண்ணப்பம் என்று அதைச் சொல்லலாம். அன்று அந்த எழுத்துகளுக்கும் பொதுவாக்கப்பட்ட ஐகாரக் குறிதான் ‘கோட்டை’யின் ஆறாவது குறியாக நிற்கிறது. செஞ்சிக்கு அருகே, இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களைப் புடைப்பாகச் செதுக்கிய திருநாதர்குன்றில், உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சமண ஆசிரியர் ஒருவருக்கான கல்வெட்டு இருக்கிறது. ‘ஐ’ என்ற உயிரெழுத்தின் மிகத் தொன்மையான சான்றுகளில் ஒன்றாக அதை ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். ஐகாரத்தின் வடிவத்தைப் பற்றிப் பேச இந்த ஊருக்கு மற்ற ஊர்களைவிட உரிமை அதிகம்.

கணினிக் காலத்தில் விண்ணப்பங்கள் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. 2008-க்கு முந்தைய ஃபிளாஷ் பிளேயரில் தமிழ் எழுதினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகப் பிரிந்து நின்றது. பத்தாம் பதிப்பில் புதிய எழுத்து இயந்திரம் வந்தது. ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தில் பயனர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2011-ல் வந்த நான்காம் பதிப்போடு நிலைமை மாறியது. பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸ் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கும் அரபிக்கும் இடமில்லை என்று பல்லாண்டு முறையிட்டவர்களுக்கு, 2017-ல் வந்த 1.5.3 பதிப்பு விடை சொன்னது. மூடிலின் பொத்தான்களும் அறிவிப்புகளும் தமிழில் இருப்பதும் தன்னார்வலர்கள் மொழிபெயர்த்ததால்தான்; இலங்கைத் தமிழுக்கென்று தனித் தொகுப்பே இருக்கிறது.

சில நேரம் கேட்பதற்குப் பதில் செய்தே காட்டிவிடுகிறார்கள். கான் அகாடமியின் பாடங்களுக்கு இணையம் வேண்டும்; இணையம் இல்லாத பள்ளி என்ன செய்யும்? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக மாணவர்கள் 2012-ல் கேஏ லைட் என்ற ஆஃப்லைன் வடிவத்தை உருவாக்கினார்கள். பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான்கள் விலை எட்டாத உயரத்தில் இருந்தபோது, பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கர்ரன் 2006-ல் என்விடிஏவை இலவசமாக எழுதத் தொடங்கினார். அதில் தமிழும் ஒலிக்கிறது.

செஞ்சி இருக்கும் விழுப்புரம் மாவட்டத்துக்கு, பள்ளிக்கு வெளியே பாடம் என்ற பேச்சு புதிதில்லை. பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021 அக்டோபர் 27-ல் இதே மாவட்டத்தின் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2018-ன் புதிய பாடநூல்களில் கியூஆர் குறிகள் அச்சாகின. போனைக் காட்டினால் திக்ஷா தளத்தில் பாடம் திறக்கும். அங்கே இருப்பதைப் பார்ப்பது எளிது. தன் ஊரின் கோட்டையைத் தானே பாடமாக்க நினைக்கும் ஆசிரியருக்குத்தான் கருவிகள் இன்னும் முழுதாக இணங்கவில்லை.

ஒரு தீர்வு கையருகே வந்துவிட்டது என்பது நல்ல செய்தி. சொல்லைக் குறிகளாக வெட்டாமல் மனிதர் எண்ணும் எழுத்துகளாகப் பிரிக்கும் வசதி 2020-ல் குரோம் உலாவியில் வந்தது. 2024-ல் ஃபயர்ஃபாக்ஸும் சேர்ந்துகொண்டது. இப்போது ‘கோட்டை’யைக் கொடுத்தால் உலாவியே மூன்று என்று சொல்லும். பாடம் தயாரிக்கும் மென்பொருள் அதைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்தினால் போதும். அது கேட்க வேண்டுமானால், முதலில் யாராவது அதனிடம் கேட்க வேண்டும்.

‘தமிழ் சரியா வரல, சரி பண்ணுங்க’ என்று எழுதினால் அந்த விண்ணப்பம் பேரேட்டின் அடியில் போய்விடும். தமிழே படிக்கத் தெரியாத ஒருவர் அதைத் தம் கணினியில் செய்து பார்க்கும்படி எழுத வேண்டும்: எந்தப் பதிப்பு, எந்த உலாவி, என்ன தட்டினேன், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும். குறுக்கெழுத்து என்றால், மூன்று கட்டத்தில் அடங்க வேண்டிய சொல் ஆறு கட்டத்தில் விழுந்திருக்கும் படம் ஒன்று. எளிய ஆங்கிலத்தில் ஐந்தாறு வாக்கியம் போதும். இலக்கணப் பிழையை அங்கே யாரும் பார்ப்பதில்லை. கூடவே பாடத்தின் கோப்பையும் இணைத்துவிட்டால், மென்பொருளை எழுதுபவர் எந்த நாட்டில் இருந்தாலும், தனியாக ஒரு கட்டத்தில் எழுத்தில்லாமல் நிற்கும் புள்ளியை அவரும் தம் திரையிலேயே பார்ப்பார்.