அடியார் பாதத்துக்கும் எண்ணெய் வேண்டும்

காரைக்கால் என்றவுடன் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவும், அருகிலுள்ள திருநள்ளாறும் நினைவுக்கு வரும். திருநள்ளாறு செல்வோர் நல்லெண்ணெய் தேய்த்து நள தீர்த்தத்தில் நீராடிய பின்னரே தர்ப்பாரண்யேசுவரரையும் சனீசுவர பகவானையும் வழிபடுவது வழக்கம். அந்த நீராடலுக்கு நல்லெண்ணெயே மரபு. ஆயினும் வீட்டில் அன்றாடம் தலைக்கும் மேனிக்கும் பலரும் நாடுவது தேங்காய் எண்ணெய்தான்.

பேய் வடிவை வேண்டிப் பெற்று, கயிலைக்குத் தலையால் நடந்தவர் அம்மையார். அழகைத் துறந்த அவரது ஊரில் மேனியைப் பேணுவது குறித்துப் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அழகு வேறு; நலம் வேறு. இறைவன் உள்ளே உறைவதனால் உடம்பைப் பேண வேண்டும் என்பது திருமூலர் காட்டிய நெறி. வெறுங்காலுடன் பிராகாரம் வலம் வருவதற்கும் நல்ல பாதம் வேண்டுமன்றோ!

முதுமையில் தோலின் இயல்பான எண்ணெய்ப் பசை குறைகிறது. சுடுநீரும் சோப்பும் எஞ்சியதையும் போக்கிவிடுகின்றன. இதனால் முழங்காலுக்குக் கீழே தோல் வறண்டு, இரவில் அரிப்பு எடுக்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சொறிந்த கீறலே ஆறாத புண்ணாகலாம். பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்து, 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், வறண்ட தோல் உடைய 34 பேர் நாளுக்கு இருமுறை வீதம் இரண்டு வாரம் கால்களில் எண்ணெய் தடவினர். கனிம எண்ணெயைப் போலவே தேங்காய் எண்ணெயும் வறட்சியைக் குறைத்தது.

வீட்டிலேயே எடுக்கும் முறை

முற்றிய தேங்காயைத் துருவி, வெந்நீர் விட்டுப் பிழிந்து கெட்டிப்பால் எடுக்கவும். அடிகனமான பாத்திரத்தில் மெல்லிய தீயில் கிளறிக்கொண்டே காய்ச்சினால், நீர் வற்றிக் கசடு பொன்னிறமாகி, எண்ணெய் தெளிந்து பிரியும். துணியில் வடிகட்டி, ஈரமற்ற கண்ணாடிக் குப்பியில் வைக்கவும். ஈரம் இருந்தால் விரைவில் சிக்கு வாடை வரும். அர்ச்சனைத் தேங்காயைச் சமையலுக்கு வைத்துக்கொண்டு, காலில் தடவும் எண்ணெய்க்கு வேறு காய் வாங்குவது மனத்துக்கு நிறைவு தரும்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகை வெப்பத்துக்குக் கீழே உறையும். மார்கழி விடியலில் அது கெட்டியாவது இதனால்தான், கெட்டுப்போனதன் அறிகுறியன்று. குப்பியை வெந்நீரில் சற்று வைத்தால் இளகிவிடும்.

பயன்படுத்தும்போது

குளித்து ஈரத்தை ஒற்றி எடுத்தவுடன், கைகால்களில் சில துளிகள் தடவினால் போதும். குதிகால் வெடிப்புக்குப் படுக்கும் முன் தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம். இரவில் எழுந்து நடக்கும் முன் பாதத்தைத் துடைத்துக்கொள்வது மிக முக்கியம். எண்ணெய்க் காலுடன் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், வறண்ட தோலைவிடப் பெருந்துன்பம் நேரும். தீர்த்தப் படிகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

தலைக்குக் குளிப்பதற்குமுன் தேய்ப்பது நன்று. கனிம எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றை ஒப்பிட்டு 2003-ல் வெளிவந்த ஆய்வில், முடியின் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதற்காக, நரை கறுக்கும், வழுக்கையில் முடி முளைக்கும் என நம்பிவிட வேண்டாம். பொடுகு உள்ளவர்கள் எண்ணெயைத் தலையில் ஊறவிட்டால் தொல்லை மிகலாம்.

புண், சீழ், உணர்ச்சியற்ற பாதம் ஆகியவற்றுக்கு எண்ணெய் மருந்தன்று, மருத்துவரை நாடுக. நாள்தோறும் இரவில் விளக்கடியில் அமர்ந்து உள்ளங்காலைப் பார்த்து எண்ணெய் இடுங்கள். கண் மங்கியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் அதைச் செய்யட்டும். பெரியோர் பாதம் தொடுவது அவர்களுக்கும் புண்ணியமே.