கேட்டால் சொல்லும் கைபேசி! தெரியுமா?

ஸ்மார்ட்போன் வாங்கப் போகிறீர்களா? கடைக்காரர் கேமராவைப் புகழ்வார், கவர் இலவசம் என்பார். அதெல்லாம் இருக்கட்டும். அந்தக் கைபேசியையே நேராகக் கேட்டுப் பாருங்கள்! அது சொல்லும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஓர் அதிசயம் ஒளிந்திருக்கிறது.

போனுக்கும் ஜாதகம் உண்டு, தெரியுமா?

*#06# என்று அழுத்துங்கள். கால் போகாது, காசும் பிடிக்காது. திரையில் 15 இலக்க எண் ஒன்று பளிச்சென்று வரும். அதுதான் ஐஎம்இஐ. இரண்டு சிம் போடும் போன் என்றால் இரண்டு எண்கள்! முதல் 8 இலக்கங்கள் அது எந்த மாடல் என்று சொல்லும். அடுத்த 6 அந்தக் குறிப்பிட்ட போனுடைய வரிசை எண். கடைசி ஓர் இலக்கம்? அது காவல்காரன்! முந்தைய 14 இலக்கங்களில் ஒன்றே ஒன்றை மாற்றி எழுதினாலும் கணக்கு உதைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கணக்கு இது. கைபேசியே பிறக்காத காலம்! உங்கள் ஏடிஎம் கார்டின் கடைசி இலக்கத்துக்கும் இதே கணக்குதான்.

பழைய போனுக்கு ஒரு எஸ்எம்எஸ் போதும், தெரியுமா?

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் பணத்தை நீட்டும் முன் இதைச் செய்யுங்கள். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு அந்த 15 இலக்கம். 14422-க்கு அனுப்புங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் பதிவேடு பதில் சொல்லும்! அந்த எண் முடக்கப்பட்டது என்றோ, போலி என்றோ வந்தால் போனைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். பெட்டி, பில், திரை மூன்றிலும் ஒரே எண்தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலையையும் முழம் போடலாம், தெரியுமா?

இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1-ல் தொடங்கியது. ஆனால் 5ஜி என்பது ஒரே அலை அல்ல! 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். பூக்காரம்மா அளக்கும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. 3,500 மெகாஹெர்ட்ஸ் அலை ஒன்பது சென்டிமீட்டரைத் தொடாது. 26 கிகாஹெர்ட்ஸ் அலையோ சுண்டுவிரல் அகலம்தான்! நீள அலை வெகுதூரம் போகும், சுவரையும் ஊடுருவும். குட்டை அலை ஏராளமான டேட்டாவைச் சுமக்கும். ஆனால் குறுக்கே ஓர் உள்ளங்கை வந்தாலே தடுமாறும். அதனால் பெட்டியில் '5ஜி' என்று இருந்தால் மட்டும் போதாது. பேண்டு (அலைவரிசை) பட்டியலில் என்28 (அதுதான் முழ அலை), என்78 (அதுதான் 3,500 மெகாஹெர்ட்ஸ் அலை) இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சிம்முக்குள் ஒரு கணினி இருக்கிறது, தெரியுமா?

1991-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து நிறுவனம் ஒன்று முதல் சிம் கார்டுகளைச் செய்து, பின்லாந்தின் ரேடியோலின்ஜா என்ற கைபேசிச் சேவை நிறுவனத்துக்கு 300 விற்றது. அன்றைக்கு ஒரு சிம் ஏடிஎம் கார்டு அளவு! இன்றைய நானோ சிம் 12.3-க்கு 8.8 மில்லிமீட்டர். இந்தத் துணுக்குக்குள் செயலி, நினைவகம், ஒரு ரகசியச் சாவி எல்லாம் உண்டு. நீங்கள் போனை ஆன் செய்ததும் நெட்வொர்க் ஒரு புதிர் எண்ணை அனுப்பும். சிம் தன் சாவியால் அதற்கு விடை கண்டு, விடையை மட்டும் திருப்பி அனுப்பும். சாவி வெளியே வருவதே இல்லை!

நாலு கோட்டை நம்பக் கூடாது, தெரியுமா?

சிக்னல் கோடுகளுக்கு உலகப் பொது அளவே கிடையாது! ஒரு போனில் மூன்று கோடு, பக்கத்து போனில் நாலு. வந்த சிக்னலோ ஒன்றுதான். உண்மை அளவு செட்டிங்ஸில் இருக்கிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் 'அபௌட் போன்' பகுதியில் 'சிம் ஸ்டேட்டஸ்' பாருங்கள். மைனஸ் 80 டிபிஎம், மைனஸ் 110 டிபிஎம் என்று காட்டும். 30 தானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். முன்னது பின்னதைப்போல 1,000 மடங்கு வலுவானது! மைனஸ் 110 என்றால், ஒரு வாட்டை நூறு லட்சம் கோடிக் கூறு போட்டு அதில் ஒரே ஒரு கூறு. அதிலிருந்தும் செய்தியைப் பிரித்தெடுக்கிறது உங்கள் கைபேசி! கூடத்தில் ஓர் அளவு, ஜன்னலோரத்தில் ஓர் அளவு, மொட்டைமாடியில் ஓர் அளவு என்று குறித்துக்கொண்டால் உங்கள் வீட்டுக்கு எந்த சிம் சரிப்படும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

80 என்பது 10 தான், தெரியுமா?

ஸ்பீடு டெஸ்டில் 80 எம்பிபிஎஸ் காட்டுகிறது. 80 எம்பி படம் ஒரே விநாடியில் இறங்குமா? இறங்காது! அது மெகாபிட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எட்டால் வகுத்தால் விநாடிக்கு 10 எம்பி.

வெளிச்சம் கடலுக்கடியில் ஓடுகிறது, தெரியுமா?

அதே ஸ்பீடு டெஸ்டில் 'பிங்' என்று ஓர் எண் வரும். டேட்டா போய்த் திரும்பும் நேரம் அது. சர்வரைச் சிங்கப்பூருக்கு மாற்றிப் பாருங்கள். சென்னைக் கரையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-லேயே போடப்பட்ட ஐ2ஐ கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அந்தக் கேபிளில் போக 16, வர 16, ஆக 32 மில்லி விநாடி ஆகியே தீரும். எந்த பிளானுக்கு எவ்வளவு கட்டினாலும் அதற்குக் கீழே இறங்காது. அது வெளிச்சத்தின் எல்லை! நீங்கள் ஒரு தடவை கண் இமைப்பதற்குள் வங்காள விரிகுடாவின் அடியில் வெளிச்சம் போய்த் திரும்பிவிட்டது.

இத்தனை பதிலையும் கைபேசி எப்போதும் தயாராக வைத்திருக்கிறது. கேட்பவர்தான் குறைவு. இந்த வரியை முடித்த கையோடு *#06# அழுத்துங்கள். வரும் எண்ணைப் போனில் அல்ல, ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். போன் என்றாவது தொலைந்துபோனால், அதை முடக்கச் சொல்லிக் கேட்க உங்கள் கையில் இருக்கப்போவது அந்த 15 இலக்கம்தான்!