பயன்படுத்திய டீசல் மகிழுந்துப் பராமரிப்பு (காவிரிப் படுகை)

பயன்படுத்திய டீசல் மகிழுந்துப் பராமரிப்பு என்பது, ஒருவர் ஓட்டிய டீசல் மகிழுந்தை மற்றொருவர் வாங்கிய பின்னர் அதன் பொறி, எரிபொருள் வழி, குளிர்விப்பு அமைப்பு, உடற்கூடு, பதிவு ஆவணங்கள் ஆகியவற்றைச் சீராக வைத்துக்கொள்ளும் பணிகளைக் குறிக்கும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களை உள்ளடக்கிய காவிரிப் படுகையின் நெல் வயற்பகுதிகளில் இப்பணிகள் எவ்வாறு அமைகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

இந்தியாவில் முதன்முதலில் டீசல் பொறியுடன் விற்கப்பட்ட மகிழுந்து இந்துஸ்தான் அம்பாசடர் ஆகும். அதன் டீசல் பொறி 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. 1998 இல் வெளிவந்த டாட்டா இண்டிகா, சிறிய மகிழுந்திலும் டீசல் பொறியைப் பரவலாக்கியது. 2014 அக்டோபர் வரை டீசலின் சில்லறை விலை அரசின் கட்டுப்பாட்டில் இருந்ததால், பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இடையே பெரிய விலை வேறுபாடு நிலவியது. நாள்தோறும் நெடுந்தொலைவு செல்வோர் டீசல் வண்டியை நாடியதற்கு இதுவே முதன்மைக் காரணம். 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது மாருதி சுசூகி நிறுவனம் டீசல் மகிழுந்துகளை நிறுத்திவிட்டது. எனவே சிறிய டீசல் மகிழுந்தை விரும்புவோர் பெரும்பாலும் பழைய வண்டிகளிலேயே தேட வேண்டியுள்ளது.

பொறியின் இயல்பு

பெட்ரோல் பொறியில் எரிபொருள் தீப்பொறியால் பற்றவைக்கப்படுகிறது. டீசல் பொறியில் தீப்பொறிச் செருகி கிடையாது. உருளைக்குள் காற்று ஏறத்தாழ 16 முதல் 22 மடங்கு வரை அழுத்தப்பட்டு, அதனால் எழும் வெப்பத்தில் டீசல் தானே எரிகிறது. ஆகவே இப்பொறியின் நலம் மூன்றைப் பொறுத்தது: அழுத்தம் கசியாமை, டீசலின் தூய்மை, காற்றின் தூய்மை. பழைய வண்டியில் காணப்படும் குறைகளில் பெரும்பாலானவற்றை இம்மூன்றில் ஒன்றுக்குள் அடக்கிவிடலாம்.

வாங்கியவுடன் செய்பவை

முந்தைய உரிமையாளரின் சொல் எதுவாயினும், மசகு எண்ணெய், எண்ணெய் வடிகட்டி, டீசல் வடிகட்டி, காற்று வடிகட்டி, குளிர்விப்பு நீர்மம் ஆகியவற்றை ஒருமுறை முழுவதுமாக மாற்றிவிடுவது நலம். பராமரிப்புக் கணக்கு அந்த நாளிலிருந்து தொடங்கும். எண்ணெய் கறுத்திருப்பதைக் கண்டு அஞ்சுவோர் உளர். டீசல் பொறியில் கரி எண்ணெயில் கலப்பது இயல்பு. புதிய எண்ணெயும் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். மாறாக, எண்ணெய் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் அதில் நீர் சேர்ந்துள்ளது என்று பொருள், அதுவே கவலைக்குரியது.

பொறியின் அடைப்பிதழ்களை இயக்கும் பட்டை, அதாவது பட்டறைகளில் 'டைமிங் பெல்ட்' எனப்படுவது, தனிக் கவனத்துக்குரியது. டாட்டா இண்டிகா, பழைய டொயோட்டா இன்னோவா ஆகியவற்றின் டீசல் பொறிகளில் ரப்பர் பட்டை உள்ளது. மாருதி சுவிப்ட் போன்றவற்றில் அமைந்த 1248 கன சென்டிமீட்டர் பியட் பொறியில் சங்கிலி உள்ளது. பட்டை ஓட்டத்தில் அறுந்தால் உந்துருளை அடைப்பிதழ்களில் மோதிப் பொறி பெருஞ்சேதம் அடையும். பட்டை தூரத்தால் மட்டுமன்றி வயதாலும் நலியும். எனவே எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சீட்டு இல்லையெனில் மாற்றிவிடுவதே முறை.

எரிபொருளும் நீரும்

டீசலில் கலக்கும் நீர் பொறிக்கு முதற்பகை. உயர் அழுத்தப் பம்பும் உட்செலுத்திகளும் (பட்டறை வழக்கில் 'நோசில்') டீசலாலேயே மசகிடப்படுகின்றன. நீர் அவற்றைத் துருவேற்றித் தேய்க்கும். டீசல் வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, தேங்கிய நீரை அவ்வப்போது வடிக்க வேண்டும். ஈரம் மிகுந்த மழைக்காலத்தில் கலன் பாதி வெறுமையாக இருந்தால் உட்சுவரில் நீர் திரளும்.

படுகைப் பகுதியில் இறைப்புப் பொறிக்கும் டிராக்டருக்கும் டீசலைக் கேன்களில் வாங்கி வைப்பது வழக்கம். அதில் எஞ்சியதை மகிழுந்தில் ஊற்றுவது சிக்கனமாகத் தோன்றினும், கேனின் அடியில் படிந்த மண்ணும் நீரும் கூடவே சென்றுவிடும். பழைய எந்திரவகைப் பம்பு இதனை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் இயங்கும் பொதுக்குழாய் முறைப் பொறிகள் பொறுப்பதில்லை. இவ்வகைப் பொறி ஓடும்போது டீசல் கசியும் இடத்தைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. மெல்லிய பீச்சு தோலைத் துளைத்து உள்ளே செல்லும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் அது அவசர சிகிச்சைக்குரியது.

காலையில் வண்டி எளிதில் கிளம்பாவிடில் உடனே 'ஹீட்டர் பிளக்' மீது பழி விழுவதுண்டு. அம்பாசடர், இண்டிகா போன்ற மறைமுக உட்செலுத்தல் பொறிகளுக்கு இது பொருந்தும். நேரடி உட்செலுத்தல் பொறிகளோ தஞ்சாவூரின் மார்கழிக் குளிரிலும் பெரும்பாலும் அதன் உதவியின்றியே கிளம்பும். அவை தயங்கினால் டீசல் வழியில் காற்று புகுந்திருக்கலாம், மின்கலம் நலிந்திருக்கலாம், அல்லது உருளைகளில் அழுத்தம் குறைந்திருக்கலாம்.

வெள்ளம்

வடகிழக்குப் பருவமழையின்போது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வாய்க்கால்கள் உடைத்துச் சாலையில் நீர் ஓடுவது இப்பகுதியில் புதிதன்று. காற்று உறிஞ்சும் குழாயின் வழியே நீர் உருளைக்குள் புகுந்தால், காற்றைப் போல அதனை அழுத்த இயலாது. உந்துருளை தடைப்பட்டு இணைப்புத் தண்டு வளைந்துவிடும். டீசல் பொறியில் அழுத்த அறை மிகச் சிறியதாகையால் சிறிதளவு நீரே இதற்குப் போதும்.

நீரில் நின்றுபோன வண்டியை மீண்டும் இயக்கிப் பார்ப்பதுதான் பெருந்தவறு. மின்கல இணைப்பை நீக்கி, வண்டியைக் கட்டி இழுத்துச் சென்று, ஹீட்டர் பிளக்குகளையோ உட்செலுத்திகளையோ கழற்றிப் பொறியைக் கையால் சுழற்றி நீரை வெளியேற்ற வேண்டும். பின்னர் எண்ணெய்கள் அனைத்தும் மாற்றப்படும். வெள்ளத்தில் நின்ற வண்டியை இயக்கியதால் விளையும் பொறிச் சேதத்துக்கு, கூடுதல் பாதுகாப்பு எடுக்கப்படாவிடில், காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக இழப்பீடு தருவதில்லை.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. இத்தகைய நிகழ்வுகளுக்குப் பின் விற்பனைக்கு வரும் வண்டிகளில், இருக்கைக்கு அடியிலும் தரைவிரிப்பின் கீழும் வண்டல் படிந்துள்ளதா எனப் பார்ப்பது வழக்கமான சோதனையாகும். கடலோர வட்டங்களில் உப்புக் காற்றால் அடிச்சட்டம் துருப்பிடிப்பதும் கூடுதலாகக் காணப்படுகிறது.

அறுவடைக் காலம்

குறுவை, சம்பா அறுவடைகளின்போது சாலைகளில் நெல் உலர்த்தப்படுகிறது. தூசும் பதரும் காற்று வடிகட்டியையும் வெப்பக் கதிர்வியின் இடுக்குகளையும் அடைக்கும். ஆகவே கையேட்டில் கூறப்படும் தூரத்துக்கு முன்பே வடிகட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். சாலையில் பரப்பிய உளுந்துச் செடிகள் அல்லது வைக்கோல் அடிப்பகுதியில் சிக்கினால் உடனே நீக்கப்பட வேண்டும். வெளியேற்றுக் குழாயின் சூட்டில் அவை தீப்பற்றக்கூடும்.

அறுவடை முடிந்தபின் வயல் எலிகள் வீடுகளை நோக்கி வரும். பொறியறையின் வெதுவெதுப்பில் கூடு கட்டி மின்கம்பிகளைக் கடித்துவிடுவதால், காரணம் விளங்காத மின்குறைகள் தோன்றும். உணரியை மாற்றிப் பணம் செலவிடுவதற்கு முன் கம்பிகளைப் பார்ப்பது நல்லது.

பாரத் நிலை 6 வண்டிகள்

இவற்றில் கரித்துகள் வடிகட்டி உள்ளது. அதில் சேரும் கரி, பொறி நன்கு சூடேறிச் சற்று விரைந்து ஓடும்போது எரிந்து நீங்கும். ஊருக்கும் அருகிலுள்ள கடைத்தெருவுக்கும் மட்டும் சென்று வரும் வண்டியில் அது அடைபடும். அத்தகைய பயன்பாட்டுக்கு டீசல் வண்டியே பொருத்தமற்றது எனலாம். சில வண்டிகளுக்கு 32.5 விழுக்காடு யூரியா கொண்ட தூய கரைசலும் தேவை. வயலுக்கு வாங்கிய யூரியாவைக் கரைத்து ஊற்றுவது வினையூக்கி அமைப்பைக் கெடுத்துவிடும்; 2015 முதல் இந்தியாவில் உர யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்பட்டதாகும்.

ஆவணங்கள்

பராமரிப்பில் பலரும் தள்ளிப்போடுவது பெயர் மாற்றமே. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50 ஆவது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் நடந்த விற்பனையை விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்குப் படிவம் 29, படிவம் 30 பயன்படுகின்றன. காப்பீட்டிலும் 14 நாட்களுக்குள் பெயர் மாற்றம் கோர வேண்டும். விபத்து நேர்ந்தால் பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளராகக் கருதப்பட்டு இழப்பீட்டுப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. எனவே கைகள் பல மாறிய வண்டிக்கு, முதலில் விற்றவர் வழக்கில் நிற்க நேரிடலாம்.

சொந்தப் பயன்பாட்டு மகிழுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் தகுதிச் சோதனையின் பேரில் ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படும். பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தில்லியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 இலும் உச்ச நீதிமன்றம் 2018 இலும் விதித்த கட்டுப்பாடு, தில்லி தலைநகர் வட்டாரத்துக்கு உரியது. அங்கிருந்து குறைந்த விலைக்கு வரும் வண்டியை வாங்குவோர் அந்த மாநிலப் பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று, தமிழ்நாட்டில் செலுத்த வேண்டிய சாலை வரி ஆகியவற்றையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். அடிச்சட்ட எண்ணும் பொறி எண்ணும் பதிவுச் சான்றோடு ஒத்துள்ளனவா என்பதைப் பணம் தருவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.