‘ஜகாட்’ பேசிய தமிழ்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்த என் போன்றோருக்கு ‘ஜகாட்’ பழகிய வசவு. ‘பொல்லாத’ எனப் பொருள்படும் ‘ஜஹாட்’ என்ற மலாய்ச் சொல்லே தமிழர் நாவில் இவ்வாறு மருவியது. சஞ்சை குமார் பெருமாள் இயக்கி, 2015 டிசம்பரில் வெளிவந்த திரைப்படத்தின் தலைப்பும் அதுவே.

தோட்டத்தை இழந்து புறம்போக்கு நிலத்தில் வாழும் குடும்பம். குண்டர் கும்பலால் ஈர்க்கப்படும் சிறுவன் அப்போய். அவனாக நடித்தவர் ஹர்வின் ராஜ். கும்பலில் இருக்கும் மெக்சிகோவாக வந்தவர் ஜிப்ரைல் ராஜூலா. இருவரும் பேசுவது நம் வீட்டுத் தமிழ்.

2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழா இப்படத்தை மலாய் அல்லாத மொழிப் பிரிவில் ஒதுக்கியது. வசனத்தில் 70 விழுக்காடு மலாய் இருக்க வேண்டும் என்பது விதி. மலாய்க் கலைஞர்களே அதை எதிர்த்தனர். ஒளிப்பதிவாளர் முகமட் நூர் காசிம் தம் 20 விருதுகளைத் திருப்பித் தருவதாக அறிவித்தார். விதி தளர்ந்தது. ‘ஜகாட்’ சிறந்த மலேசியத் திரைப்படமானது.

தோட்டத்துப் பேச்சைக் கொச்சை என்று நம் மேடைகளில் ஒதுக்குகிறோமே, நாம் எப்போது விதியைத் தளர்த்தப் போகிறோம்?