நரம்பு அள்ளிக் கொடுப்பதில்லை... அளந்துதான் கொடுக்கிறது!

காலையில் நன்றாகத் திறந்திருக்கும் கண் இமை, சாயங்காலமானால் தானாகத் தொங்குகிறது. சாப்பிட உட்கார்ந்தால், பாதியிலேயே தாடை சோர்ந்துவிடுகிறது. இது ஒருவருடைய கஷ்டம்.

இன்னொருவருக்குத் தொடையில் பலமில்லை. நாற்காலியிலிருந்து எழுவதே பெரும்பாடு. ஆனால், தசையைச் சில விநாடிகள் இறுக்கிப் பிடித்துவிட்டால், கொஞ்ச நேரத்துக்குப் பலம் கூடுகிறது.

இருவருக்கும் தசையில் கோளாறு இல்லை, நரம்பும் அறுந்துபோகவில்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் பழுது. அங்கே கொடுக்கிற கை குறைத்துக் கொடுக்கிறதா, வாங்குகிற கை குறைத்து வாங்குகிறதா? இந்தக் கேள்விக்கு விடை தேட உதவியது ஒரு புள்ளியியல் கணக்கு. 'குவாண்டல் அனாலிசிஸ்' என்பது அதன் பெயர். எளிமையாகப் 'பொட்டலக் கணக்கு' என்று வைத்துக்கொள்ளலாம்.

தவளைத் தசையில் குட்டி மேடுகள்

நரம்பு நுனிக்கும் தசைக்கும் நடுவே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. நரம்பில் ஓடிவரும் மின்சாரம் அதை அப்படியே தாண்டாது. நரம்பு நுனி, அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளை வெளியிடுகிறது. தசையிலுள்ள ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. தசை சுருங்குகிறது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பெர்னார்ட் காட்ஸும் பால் ஃபாட்டும் தவளைத் தசையில் இந்தச் சந்திப்பை ஆராய்ந்தார்கள். காட்ஸ், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1911-ல் பிறந்த யூதர். ஹிட்லர் ஆட்சியில் அங்கே எதிர்காலம் இல்லை என்று 1935-ல் இங்கிலாந்துக்கு வந்தவர்.

நரம்பைத் தூண்டாமல் சும்மா விட்டிருக்கும்போதும், கருவியின் திரையில் குட்டிக் குட்டி மேடுகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் சுமார் அரை மில்லிவோல்ட். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 'கருவியின் இரைச்சல்' என்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால், நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் மட்டுமே அவை வந்தன. அதனால் இருவரும் விடாமல் பின்தொடர்ந்து, 1952-ல் விரிவாக வெளியிட்டார்கள்.

சர்க்கரைப் பொட்டலம்

அடுத்து, காட்ஸுடன் ஜோசே டெல் காஸ்டில்யோ சேர்ந்தார். கால்சியத்தைக் குறைத்து, மக்னீசியத்தைக் கூட்டி, நரம்பு மிகக் கொஞ்சமாகச் சுரக்கும்படி செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு தூண்டலுக்கும் பதில் ஒரே மாதிரி வரவில்லை. சில நேரம் ஒன்றுமே இல்லை. சில நேரம் ஒரு குட்டி மேட்டின் அளவு, சில நேரம் இரண்டின் அளவு, சில நேரம் மூன்றின் அளவு.

மளிகைக் கடையிலிருந்து சர்க்கரைப் பை வருகிறது. திறந்து பார்க்க முடியாது. எடை மட்டும் போடலாம். ஏறக்குறைய 250 கிராம், 500, 750 என்றே வருகிறது. 400 என்று வருவதில்லை. அப்படியென்றால் கடைக்காரர் கால் கிலோ பொட்டலங்களாகக் கட்டி வைத்திருக்கிறார் என்று புரிந்துவிடும். நரம்பு நுனியும் அப்படித்தான். 1954-ல் இருவரும் சொன்னது இதைத்தான்.

ஆனால், விஞ்ஞானத்துக்கு ஊகம் போதாது. இங்கேதான் பிரெஞ்சுக் கணித மேதை பாய்ஸோனின் சூத்திரம் கைகொடுத்தது. பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்குக்கு ஒரு காலத்தில் பொருத்திப் பார்த்த அதே சூத்திரம். அரிதாக நடப்பவற்றின் சராசரி தெரிந்தால், 'ஒன்றுமே நடக்காத' தடவைகள் எத்தனை என்று அது சொல்லிவிடும்.

1956-ல் பாய்ட், மார்ட்டின் என்ற இருவர் பூனையின் தசையில் இதைச் சோதித்தார்கள். மொத்தம் 198 தூண்டல்கள். சராசரியாகத் தூண்டலுக்கு 2.33 பொட்டலங்கள். 'சுமார் 19 தடவை வெறும் பை வரும்' என்றது சூத்திரம். வந்தது 18!

அதே 1950-களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில், நரம்பு நுனிக்குள் நுண்ணிய பைகள் குவிந்து கிடப்பதும் தெரிந்தது. கணக்கு சொன்ன பொட்டலங்கள் அவைதான் என்ற கருத்து வலுத்தது. காட்ஸுக்கு 1970-ல் நோபல் பரிசு கிடைத்தது.

யார் மீது தப்பு?

பை எடை குறைந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். பொட்டலங்களின் எண்ணிக்கை குறைந்திருக்கும். அல்லது ஒவ்வொரு பொட்டலமும் இளைத்திருக்கும். நோயாளிகளின் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசையிலிருந்து சிறு துண்டெடுத்து, இதே கணக்கைப் போட்டார்கள்.

இமை தொங்கும் நோய்க்கு 'மயஸ்தீனியா கிரேவிஸ்' என்று பெயர். 1964-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் பார்த்தபோது, அதில் பொட்டலங்களின் எண்ணிக்கை குறையவில்லை. ஆனால், ஒவ்வொன்றின் விளைவும் சுமார் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. தொடை பலமிழக்கும் நோய் 'லாம்பர்ட்-ஈட்டன்'. 1968-ல் வெளியான ஆய்வில், அதில் பொட்டலத்தின் விளைவு சரியாக இருந்தது; எண்ணிக்கைதான் குறைவு.

கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு. குட்டி மேடு சிறுத்தால், பொட்டலத்தில் சரக்கு குறைவா, வாங்கும் ஏற்பிகள் குறைவா என்று அதனால் சொல்ல முடியாது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் முதலில் சரக்கைத்தான் சந்தேகித்தார்கள். 1973-ல் பதில் சொன்னது, கட்டுவிரியன் இனப் பாம்பின் விஷம். அதிலுள்ள ஒரு நச்சு, ஏற்பிகளை இறுக்கிப் பிடிக்கும். அதை வைத்து எண்ணியபோது, மயஸ்தீனியா நோயாளிகளுக்கு ஏற்பிகளே குறைந்திருந்தன. உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே அவற்றைத் தாக்குகிறது என்பதும் பின்னர் உறுதியானது.

லாம்பர்ட்-ஈட்டனில் அதே எதிர்ப்புச் சக்தி தாக்குவது, நரம்பு நுனியில் கால்சியம் நுழையும் வாசல்களை. கால்சியம் வராவிட்டால் பொட்டலம் வெளியேறாது.

இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. லாம்பர்ட்-ஈட்டன் நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பின்னணியில் நுரையீரல் புற்றுநோய் இருக்கிறது. உடனே தேட வேண்டும். மயஸ்தீனியாவில் மார்புக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியைப் பரிசோதிக்க வேண்டும். மருந்தும் வேறு. முன்னதற்கு, அதிகப் பொட்டலங்களை வெளியேற்ற உதவும் அமிஃபாம்பிரிடின். பின்னதற்கு, வெளிவந்த அசிடைல்கோலின் சீக்கிரம் சிதையாமல் காக்கும் பைரிடோஸ்டிக்மின்.

கவனிக்க வேண்டியவை

இன்று இந்த நோய்களைக் கண்டுபிடிக்க விலாவில் தசை எடுப்பது வழக்கமில்லை. ரத்தப் பரிசோதனையும், நரம்பைத் தூண்டித் தசையின் பதிலை அளக்கும் சோதனையும் பெரும்பாலும் போதும்.

* நேரம் ஆக ஆக இமை தொங்குவது, இரட்டையாகத் தெரிவது, மெல்லும்போதோ பேசும்போதோ சோர்வது போன்றவை தொடர்ந்தால், 'வெறும் களைப்பு' என்று விடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

* மூச்சு விடவோ விழுங்கவோ சிரமம் என்றால், தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

* மயஸ்தீனியா உள்ளவர்களுக்குச் சில ஆன்டிபயாடிக் மருந்துகள் பலவீனத்தைக் கூட்டிவிடும். எந்த மருத்துவரிடம் போனாலும் நோயின் பெயரை முதலில் சொல்லிவிடுங்கள்.