மறுபடி சூடாக்கினால் போதுமா?

படிவம் ஐந்து மாணவர்களுக்குக் கருத்து விளக்கக் கட்டுரை கொடுத்திருந்தேன். ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "மீந்த உணவை நன்றாகச் சூடாக்கினால் கிருமிகள் செத்துவிடும், ஆகவே பயமில்லை." மொழிப்பிழை ஒன்றுகூட இல்லை. கருத்துதான் பிழை. ஆனால் நம் வீடுகளில் பாதிப் பேர் அந்த வரியை நம்பித்தானே சாப்பிடுகிறோம்!

ரந்தாவ், லாபு, பஹாவ் பக்கத்துத் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். வேலைக்குப் போகிற அம்மா விடியற்காலை ஐந்து மணிக்கே சோறு வடித்து மூடிவைத்துவிடுவார். பிள்ளை பள்ளி விட்டு வந்து இரண்டு மணிக்குச் சாப்பிடும். கணக்குப் போடுங்கள், ஒன்பது மணி நேரம். அதுவும் நம் ஊர் வெயிலில்.

சோற்றில் என்ன நடக்கிறது? 'பெசிலஸ் செரியஸ்' என்ற பாக்டீரியா மண்ணில் வாழ்வது. அரிசியோடு சேர்ந்தே வீட்டுக்கு வந்துவிடும். உலை கொதிக்கும்போது பாக்டீரியா சாகும், அதன் வித்துகள் சாகா. சோறு வெதுவெதுப்பாக ஆறும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சைச் சுரக்கின்றன. அந்த நச்சு 121 பாகை செல்சியசில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாது. காலையில் மீந்த சோற்றை இரவில் சட்டியில் ஐந்து நிமிடம் புரட்டி நாசி கோரேங் செய்தால் அதற்கு என்ன ஆகிவிடப் போகிறது? 1970களில் பிரிட்டனில் சீன உணவகங்களின் வறுத்த சோற்றைச் சாப்பிட்டவர்கள் வாந்தி எடுத்தது இதனால்தான். வெந்த சோற்றை வெளியே விட்டுவைத்துப் பிறகு வறுத்திருக்கிறார்கள். சாப்பிட்ட ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கிவிடும்.

ஆகவே மாணவர்களே, 'கிருமி' வேறு, 'கிருமி விட்ட நச்சு' வேறு. கட்டுரையில் இரண்டையும் குழப்பாதீர்கள்.

இறைச்சிக் குழம்பின் கதை கொஞ்சம் வேறு. கோயில் திருவிழாவுக்குப் பெரிய அண்டாவில் காய்ச்சிய கறி மேலே ஆறினாலும் நடுவில் பல மணி நேரம் சூடு தங்கும். காற்றுப் புகாத அந்த இடத்தில் 'குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ்' பெருகும். இதை மட்டும் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கினால் பெரும்பாலும் அடக்கிவிடலாம். அந்த மாணவர் குழம்பைப் பற்றி எழுதியிருந்தால் பாதி மதிப்பெண்ணாவது போட்டிருப்பேன்.

உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது: சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், 5 பாகைக்குக் கீழே குளிரவையுங்கள், இல்லையேல் 60 பாகைக்கு மேலே சூடாக வைத்திருங்கள். அண்டாவை அப்படியே ஐஸ்பெட்டியில் தள்ளினால் நடுப்பகுதி ஆறாது. தட்டையான பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். நம் சுகாதார அமைச்சு 'பார், முகர், சுவை' என்கிறது. நல்ல பழக்கம்தான், ஆனால் சோற்றில் உள்ள இந்த நச்சுக்கு நிறமோ வாடையோ கிடையாது.

"அப்படியென்றால் பாட்டியின் பழைய சோறு?" என்று வகுப்பில் கட்டாயம் ஒரு கை உயரும். தண்ணீர் ஊற்றிய சோறு புளிக்கும்போது உண்டாகும் அமிலம் பல கிருமிகளை வளரவிடாது. ஆனால் பகல் முழுதும் வெளியே கிடந்த சோற்றில் இரவு தண்ணீர் ஊற்றினால், ஏற்கெனவே சுரந்துவிட்ட நச்சை அந்தப் புளிப்பு ஒன்றும் செய்யாது.